எக்கோ சவுண்டர் சிக்னல் ஸ்கோப்பில் காணாமல் போகிறது

திருகோணமலையில் மீன்பிடிப் படகுகளின் எக்கோ சவுண்டர் (ஒலி அனுப்பி, எதிரொலியை வைத்துக் கடலின் ஆழம் அளக்கும் கருவி) திருத்துகிறேன். அதன் 200 கிலோஹெர்ட்ஸ் துடிப்பை ஸ்கோப்பில் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்) கிட்டப் பார்த்தால் அழகாக வருகிறது, ஆனால் 75 மீட்டர் ஆழத்து எதிரொலி திரும்ப 100 மில்லிசெக்கன் ஆகுமே, அவ்வளவுக்குத் திரையை விரித்தால் வெறும் நேர்கோடுதான். ஸ்கோப் பழுதா அண்ணா?

> பழுதில்லை தம்பி. ஸ்கோப்பின் மெமரி 10,000 புள்ளி என்றால் 100 மில்லிசெக்கனுக்கு அதைப் பங்கிட செக்கனுக்கு ஒரு லட்சம் சாம்பிள்தான் (அலையை அளந்தெடுக்கும் புள்ளி) கிடைக்கும், அதாவது இரண்டு அலைக்கு ஒரு புள்ளி, அதுவும் அலையின் ஒரே இடத்தில் விழுவதால் கோடாகத் தெரிகிறது. பெட்டியில் போட்டிருக்கிற பெரிய சாம்பிள் வேகம் சின்ன நேர அளவுக்கு மட்டும்தான்.

>> ரெக்கார்ட் நீளத்தை, அதாவது மெமரியில் பதியும் புள்ளிகளை, 10 லட்சமாக்குங்கள், அலைக்கு 50 புள்ளி வரும். அந்த வசதி இல்லையா, பீக் டிடெக்ட் போடுங்கள். ஒவ்வொரு இடைவெளியிலும் உச்சத்தையும் அடியையும் பிடித்து வைக்கும்.