வார்டு வேலைக்கு நடுவே ஓஇடி: தினசரிப் பயிற்சி எப்படி இருந்தது? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

செவிலியர், பொது மருத்துவ வார்டு, மதுரை

வெளிநாட்டில் வேலை பார்க்கப் போகும் மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி (OET) எழுதியிருந்தேன், முடிவு வந்துவிட்டது. பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 350 வேண்டும், எழுதுதலில் 300 போதும். நான்கும் கிடைத்துவிட்டன. வேலை பார்த்துக்கொண்டே எப்படித் தயாரானீர்கள் என்று தங்கைகள் பலர் தனித்தனியாகக் கேட்பதால் இங்கே மொத்தமாக எழுதுகிறேன்.

"தமிழ் வழியில் படித்தவள், இலக்கணம் வராது" என்று கட்டணம் கட்டவே தயங்குகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதத் தோன்றியது. இலக்கணம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் யாரிடம் பேசுகிறோம், அவருக்கு எது தேவை, எதை விட்டுவிடலாம் என்று தெரிந்திருப்பதில்தான் பாதி மதிப்பெண் இருக்கிறது. டூட்டி மாறும்போது அடுத்து வருகிற சிஸ்டரிடம் நோயாளிகளை ஒப்படைக்கிறோமே, அந்த வேலையைத்தான் ஆங்கிலத்தில் செய்யச் சொல்கிறார்கள்.

எழுத்துத் தேர்வு 45 நிமிடம். முதல் 5 நிமிடம் நோயாளியின் குறிப்புகளை வாசிக்க மட்டும். மீதி 40 நிமிடத்தில் ஒரு கடிதம், சுமார் 180 முதல் 200 சொற்கள். நான் பயிற்சிக்கு எடுத்த ஒரு குறிப்பைச் சொல்கிறேன். நீரிழிவால் காலில் புண் வந்த முதியவர் வீடு திரும்புகிறார். வீட்டுக்கு வந்து கட்டு மாற்றப்போகும் செவிலியருக்குக் கடிதம் எழுத வேண்டும். பல வருடங்களுக்கு முன் நடந்த குடலிறக்க அறுவை சிகிச்சை, பென்சிலின் ஒவ்வாமை, மனைவி இறந்தபின் தனியாக இருப்பது, எல்லாம் குறிப்பில் இருக்கிறது. குடலிறக்கத்தை விட்டுவிடலாம். ஒவ்வாமையை விட்டால் ஆபத்து. தனியாக இருப்பது சொந்த விஷயம் போலத் தெரிந்தாலும், புண்ணைத் தினமும் பார்க்க வீட்டில் வேறு ஆள் இல்லையே! அதையும் எழுதத்தான் வேண்டும்.

பகல் டூட்டி முடிந்து விடுதிக்கு வந்ததும் இதைத்தான் செய்வேன். ஒரு குறிப்பை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் வேண்டும், வேண்டாம் என்று பென்சிலால் குறிப்பேன். ஏன் என்று அறைத் தோழியிடம் வாய்விட்டுச் சொல்வேன். அதன்பின் கடிதத்தின் முதல் பத்தியை மட்டும் எழுதுவேன். எதற்காக இந்தக் கடிதம் என்பது அங்கேயே தெரிந்துவிட வேண்டும், அதற்கென்று தனி மதிப்பெண் உண்டு. முழுக் கடிதத்தைக் கடிகாரம் வைத்து எழுதுவது வார விடுமுறையில்தான். களைத்து வருகிற நாளில் முழுக் கடிதம் எழுத உட்கார்ந்தால் அடுத்த நாள் பயிற்சியே நின்றுவிடும்.

பேச்சுத் தேர்வில் இரண்டு உரையாடல்கள். ஒவ்வொன்றுக்கும் சூழ்நிலையைச் சொல்லும் ஒரு அட்டை தருவார்கள்; அதைப் படித்துத் தயாராக 3 நிமிடம், பேச சுமார் 5 நிமிடம். எதிரில் இருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பார். நம் மருத்துவ அறிவை அங்கே சோதிப்பதில்லை. நோயாளியின் கவலையைக் கேட்டு, அதற்கேற்பப் பேசுகிறோமா என்று பார்க்கிறார்கள். இங்கேதான் நம் வார்டுப் பழக்கம் குறுக்கே வருகிறது. இன்சுலின் வேண்டாம் என்று ஒருவர் அடம்பிடித்தால் "ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள், டாக்டர் சொன்னால் போட்டுக்கொள்ளுங்கள்" என்போம். நெரிசலான வார்டில் நேரம் அவ்வளவுதான். தேர்விலோ, எதனால் தயங்குகிறீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும். ஊசி வலிக்குமென்ற பயமா, ஒருமுறை தொடங்கினால் விடவே முடியாது என்று யாராவது சொன்னார்களா? பதிலைக் கேட்டபிறகுதான் விளக்கம். என் தோழி பிடிவாதக்கார நோயாளியாகப் பிரமாதமாக நடிப்பாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு அட்டை, அவ்வளவுதான். அதைக் கைபேசியில் பதிவு செய்து மறுநாள் பஸ்ஸில் கேட்பேன். இந்தப் பழக்கம் இப்போது வார்டிலும் என்னிடம் தங்கிவிட்டது. தேர்வு தந்த நன்மைகளில் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

ஐசியு செவிலியர், ரியாத் (ஊர் நாகர்கோவில்)

அக்கா, நல்ல பதிவு. எழுத்தில் மட்டும் என் வழி வேறு. நான் சேர்ந்த பயிற்சி மையத்தில் எந்த நோயாளிக்கும் பொருந்தும் என்று சில பத்திகளைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. சமூக சேவகருக்கு எழுதும் கடிதமும் அறுவை சிகிச்சை நிபுணருக்கு எழுதும் கடிதமும் எப்படி ஒன்றாக இருக்கும்? மருந்துக் குறிப்பின் சுருக்கெழுத்துகள் மருத்துவருக்குப் புரியும், சமூக சேவகருக்கு விரித்துத்தான் எழுத வேண்டும்.

நான் தினமும் புதிய குறிப்பு எடுக்கவில்லை. ஒரே கடிதத்தை இரண்டு மூன்று இரவுகள் திரும்பத் திரும்ப எழுதுவேன். முதல் இரவு நீளமாக வரும். அடுத்த இரவு தேவையற்ற வரிகள் உதிரும். அதன்பின் வாக்கியங்கள் தாமாகவே நேராகும். புதிய கடிதங்களை அடுக்கிக்கொண்டே போனால் அதே பழக்கங்கள்தான் திரும்ப வரும் என்பது என் உறுதியான எண்ணம்.

கேட்டலுக்கு ஆஸ்திரேலிய வானொலியான ஏபிசியின் 'ஹெல்த் ரிப்போர்ட்' நிகழ்ச்சி. நைட் டூட்டி முடிந்து வண்டியில் திரும்பும்போது கேட்பேன். அந்த உச்சரிப்புக்குக் காது பழக நாளானது. பழகியபின் தேர்வில் எந்தக் குரலும் அந்நியமாகத் தெரியவில்லை.

செவிலியர், இரண்டு குழந்தைகளின் தாய், திருச்சி

எனக்கு மேசையில் உட்காரும் நேரமே கிடையாது. சமைக்கும்போது ஒலிப்பதிவு ஓடும், பக்கத்தில் ஒரு நோட்டு. கேட்டலின் முதல் பகுதியில் இரண்டு மருத்துவ உரையாடல்கள், 24 வெற்றிடங்கள், ஒருமுறைதான் ஒலிக்கும். ஒரு இடம் தவறினால் அதையே நினைத்து அடுத்த மூன்றையும் கோட்டைவிடுவோம். அதனால் தவறியதை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவுவதைத்தான் தினமும் பழகினேன், திரும்ப ஓடவிட்டுக் கேட்கவே மாட்டேன்.

வாசித்தலின் முதல் பகுதியில் நான்கு சிறு பத்திகள், 20 கேள்விகள், 15 நிமிடம். முழுதாகப் படிக்க முற்படாதீர்கள் சகோதரிகளே. எந்தப் பத்தியில் மருந்தின் அளவு, எதில் அறிகுறிகள் என்று மட்டும் முதலில் பார்த்துக்கொண்டு, கேள்வியிலிருந்து பத்திக்குப் போங்கள். எழுத்துப்பிழைக்கு அங்கே மன்னிப்பு இல்லை. மருந்துப் பெயர்களைப் பத்தியில் உள்ளபடியே பார்த்து எழுதுங்கள்.

செவிலியர், கோயம்புத்தூர்

அக்கா, கணினியில் எழுதலாமா, தாளில் எழுதலாமா? ஒன்றில் மட்டும் மதிப்பெண் குறைந்தால் நான்கையும் திரும்ப எழுத வேண்டுமா?

செவிலியர், பொது மருத்துவ வார்டு, மதுரை

தங்கை, எதில் கை வேகமாக ஓடுகிறதோ அதில் எழுதுங்கள். கணினி என்றால் இன்றிலிருந்தே கடிதங்களைத் தட்டச்சு செய்து பழகுங்கள். கைபேசியில் தட்டுவது அதற்கு உதவாது. திரும்ப எழுதுவதானால் நான்கையும்தான் எழுத வேண்டும். ஆனால் இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்களைச் சேர்த்துக் காட்ட பிரிட்டனின் பதிவு அமைப்பு அனுமதிக்கிறது, 2023இல் அந்த விதியை இன்னும் தளர்த்தினார்கள். இரண்டு தேர்வுகளுக்கும் இடையிலான கால அளவையும், எதிலும் குறையக் கூடாத மதிப்பெண்ணையும் அவர்களுடைய இணையதளத்திலேயே படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பிக் கட்ட வேண்டாம். பேச்சுப் பயிற்சிக்கு ஆள் இல்லையென்றால் எழுதுங்கள், ஞாயிறு மாலை நான் நோயாளியாக இருக்கிறேன்.