புதுப்பிப்பு: இலை கொட்டிய அலோகேசியா பிழைத்துவிட்டது

கார்த்திகை அடைமழையில் எங்கள் செட்டிநாட்டு வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டுக்குள் இருந்த அலோகேசியா (பெரிய இலை அலங்காரச் செடி) ஒவ்வோர் இலையாகப் பழுத்து விழுகிறது, தூக்கிப் போடலாமா என்று கேட்டிருந்தேன் இல்லையா, போடவில்லை. நீங்கள் சொன்னபடி மண்ணைக் கிளறிக் கிழங்கை அமுக்கிப் பார்த்தேன், நல்ல கெட்டி. அழுகியிருந்தால் கொழகொழவென்று நாறும். சேப்பங்கிழங்குக் குடும்பம்தானே, வெளிச்சமும் சூடும் குறைந்தால் இலையை உதிர்த்துவிட்டுக் கிழங்கோடு தூங்கப் போய்விடும். காரைக்குடிக் குளிர் ஒன்றும் பெரிய குளிரில்லை, ஆனால் இந்தத் தடித்த சுவர்களுக்குள் மழைநாளில் வெளிச்சமும் வராது, தொட்டி மண்ணும் காயாது. அதனால் வளவு (திறந்த முற்றம்) ஓரம், சாரல் படாத தூண் பக்கம் மாற்றினேன். ஆத்தங்குடி ஓடு பதித்த தரை சில்லென்று இருப்பதால் அடியில் ஒரு பழைய மணை. விரல் விட்டுப் பார்த்து மேல்மண் காய்ந்தால் மட்டும் கொஞ்சம் தண்ணீர், உரம் கிடையவே கிடையாது. "செடியைப் பட்டினி போடுறியே" என்று அப்பத்தா திட்டினார்கள், சரி. தை பாதியில் சுருட்டிய வெற்றிலை மாதிரி ஒரு குருத்து வந்து இப்போது விரிந்துவிட்டது. மாசி வெயில் ஏறியதும் மண்புழு உரம் போடுவேன். அப்புறம், வேப்பெண்ணெய் பற்றிக் கேட்டவருக்கு: பூச்சியே வரவில்லை, அதனால் அடிக்கவில்லை.