சுங்கை சிப்புட்டிலிருந்து காஞ்சனபுரிக்கு ரயிலிலேயே போக வழி சொல்லுங்கள் (சயாம் மரண ரயில் பாதை)

தோட்டத்து மகள், சுங்கை சிப்புட்

எல்லாருக்கும் வணக்கம். போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் உதவுங்கள்.

அம்மாவுக்கு 70 வயது. அவருடைய சித்தப்பாவை, இரண்டாம் உலகப் போரில் மலாயா ஜப்பான்காரன் கையில் இருந்த காலத்தில், எங்கள் தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் குடியிருப்பிலிருந்து) சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, பர்மா வரை ரயில் பாதை போடக் கூட்டிப்போனார்கள். அவர் திரும்பவில்லை. அம்மா பிறப்பதற்கு முன்பே நடந்தது இது. ஆனாலும் பாட்டி சொல்லிச் சொல்லி அம்மாவுக்கு அந்த இடத்தை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்ற எண்ணம் விடவே இல்லை. இப்போது கால் நடக்கும்போதே போய்விடலாம் என்கிறார். நான், அம்மா, தம்பி, மூன்று பேர்.

சுற்றுலா ஏஜென்சியில் விசாரித்தேன். பேங்காக், பட்டாயா, நடுவில் அந்தப் பாதை போகும் காஞ்சனபுரிக்கு அரை நாள். அங்கே குவாய் ஆற்று ரயில் பாலத்தில் படம் எடுத்துவிட்டு பஸ் ஏற வேண்டியதுதான். தலைக்கு அவர்கள் கேட்கும் பணம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது, அந்த அரை நாளும் அம்மாவுக்குப் போதாது. அதனால் நாங்களே ரயிலில் போகிறோம். சித்தப்பாவைக் கொண்டுபோன தண்டவாளத்திலேயே போக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை.

சிக்கல் இதுதான். நான் பார்த்து வைத்திருக்கும் இடிஎஸ் ரயில் (நம் நாட்டு மின்சார ரயில்) எல்லையில் இருக்கும் பாடாங் பெசாருக்கு மாலை 5.20-க்குப் போய்ச் சேருகிறது. தாய்லாந்து ரயில் 5 மணிக்குக் கிளம்புவதாகப் போட்டிருக்கிறது. இருபது நிமிடத்தில் தவறிவிடுமா? அப்புறம், இணையத்தில் டிக்கெட் எடுக்கப் பார்த்தால் என் டெபிட் கார்டை ஏற்கவில்லை. பேங்காக் வரை போய்த்தான் திரும்பி வர வேண்டுமா? பாலத்தைத் தாண்டி அங்கே பார்க்க என்ன இருக்கிறது? நம் ஆட்களுக்கு ஏதாவது அடையாளம் வைத்திருக்கிறார்களா? தம்பி பள்ளியில் வேலை செய்வதால் டிசம்பர் விடுமுறையில்தான் வர முடியும்.

எல்லைக்காரன், பாடாங் பெசார்

தங்கச்சி, ரயில் தவறாது. தாய்லாந்து மணி நம் மணிக்கு ஒரு மணி நேரம் பின்னால். அவர்கள் டிக்கெட்டில் 5 என்று இருந்தால் நம் கடிகாரத்தில் 6. இடிஎஸ் அட்டவணை நம் நேரம். ஆக உங்களுக்கு நாற்பது நிமிடம் இருக்கிறது.

ஆனால் அந்த நாற்பது நிமிடத்தை நம்பி வர வேண்டாம். இரண்டு நாட்டுக் குடிநுழைவும் பாடாங் பெசார் நிலையத்துக்குள்ளேயே இருப்பது வசதிதான், ஆனால் விடுமுறைக் காலத்தில் வரிசை நீளும். வயதானவரை இழுத்துக்கொண்டு ஓட முடியாது. அதற்கு முந்தின இடிஎஸ்ஸில் வந்துவிடுங்கள். நிலையத்திலேயே சாப்பிட்டு, அம்மாவைக் கழிவறைக்கு அழைத்துப்போய், நிதானமாக ஏறலாம்.

இன்னொன்று. 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் போகிற வெளிநாட்டவர் எல்லாரும் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். தரைவழியில் போனாலும் வேண்டும், அம்மாவுக்கும் தனியாக வேண்டும். போய்ச் சேருவதற்கு மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது முழுக்க இலவசம். காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள், அரசாங்கத் தளம் ஒரு சென் கேட்காது. நிரப்பியதைத் தாளிலும் அடித்து வைத்துக்கொள்ளுங்கள். விசா நமக்குத் தேவையில்லை. பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். புதுப்பிப்பதாக இருந்தால் 60 வயதுக்கு மேல் 100 ரிங்கிட்தான், நமக்கு 200.

தம்பிக்கு வேப் (மின்சிகரெட்) பழக்கம் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். தாய்லாந்தில் அதைக் கொண்டுபோவதே குற்றம்.

தோட்டத்து மகள், சுங்கை சிப்புட்

ரொம்ப நன்றி அண்ணே. மணி வித்தியாசத்தை யாரும் சொல்லவில்லை. ரயிலே கிடைக்காது என்று பயந்து, எல்லை தாண்டி வரும் தாய்லாந்து ஊரான ஹாட்யாயிலிருந்து வேன் பிடிக்கலாமா என்று தம்பி கேட்டுக்கொண்டிருந்தான். டிக்கெட் விஷயம் யாருக்காவது தெரியுமா?

தண்டவாளப் பயணி, தைப்பிங்

அக்கா, கார்டு விஷயத்தில் முதலில் வங்கி ஆப்பைத் திறந்து வெளிநாட்டுப் பரிவர்த்தனை அனுமதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நம் டெபிட் கார்டுகளில் பெரும்பாலும் அது மூடியே இருக்கும், நாம்தான் திறக்க வேண்டும். அதுவும் சரிவரவில்லை என்றால் ஹாட்யாய்க்குப் போய்வருகிற ஆள் யாரிடமாவது பாஸ்போர்ட் விவரம் கொடுத்து நிலைய கவுண்டரில் எடுக்கச் சொல்லலாம். டிசம்பருக்குப் படுக்கை சீக்கிரம் தீர்ந்துவிடும், தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டாம் வகுப்புப் படுக்கையில் அம்மாவுக்குக் கண்டிப்பாகக் கீழ்ப்படுக்கை. மேலே ஏறுவதற்கு ஏணி செங்குத்தாக இருக்கும். கீழ்ப்படுக்கை விலை கொஞ்சம் கூட, சுமார் ஆயிரம் பாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் குளிரூட்டி பலமாக இருக்கும், போர்வை கொடுத்தாலும் அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துப்போங்கள். சாப்பாடும் வீட்டிலிருந்தே கட்டிக்கொள்வது நல்லது. புளிச்சோறு, இட்லி, எதுவானாலும்.

பேங்காக் வரை போகவே வேண்டாம். பேங்காக்குக்கு முன்னாலேயே வரும் நக்கோன் பாத்தோம் நிலையத்தில் இறங்கிவிடுங்கள், டிக்கெட்டையும் அதுவரைக்கே எடுங்கள். காஞ்சனபுரி வழியாக, பாதை முடியும் 'நாம் தோக்' என்ற ஊருக்குப் போகும் ரயில்கள் பேங்காக்கின் தோன்புரியில் கிளம்பி நக்கோன் பாத்தோம் வழியாகத்தான் வரும். நாளைக்கு இரண்டுதான், காலையில் ஒன்று, மதியத்துக்கு மேல் ஒன்று. நம் ரயில் தாமதமாக வந்தால் காலை ரயில் போய்விடும். அப்போது பதறாமல் அங்கிருந்து பஸ்ஸோ வேனோ பிடிக்கலாம். இல்லாவிட்டால் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் பெரிய ஸ்தூபியைப் பார்த்துவிட்டு மதிய ரயிலில் ஏறலாம். 120 மீட்டர் உயரம் அந்த ஸ்தூபி.

நாம் தோக் ரயில் மூன்றாம் வகுப்புதான். ஜன்னல் திறந்திருக்கும், மின்விசிறி சுற்றும். வெளிநாட்டவருக்கு 100 பாட், நம் காசுக்கு 13 ரிங்கிட் சொச்சம். முன்பதிவு கிடையாது, பணமாகக் கொடுக்க வேண்டும். காஞ்சனபுரிக்கு அப்பால் போகும்போது இடது பக்கம் உட்காருங்கள். தாம் கிரசே என்ற இடத்தில் பாறைச் சுவரை ஒட்டி, ஆற்றுக்கு மேல் மரச்சட்டப் பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும். இன்றைக்கும் ரயில் ஓடும் இடங்களில் அந்தக் காலத்து உழைப்பு கண்ணுக்கு நேராகத் தெரிவது அங்கேதான். ஆற்றுப் பாலத்தைவிட அந்த இடத்தைத்தான் அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்பேன்.

பழைய வரலாற்று டீச்சர், பாகான் செராய்

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் குடும்பத்திலும் போனவர்கள் உண்டு.

போவதற்கு முன் உங்கள் அம்மாவிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள். அங்கே சித்தப்பாவின் பெயர் எங்கும் இருக்காது. காஞ்சனபுரி நகரத்துப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள் இருக்கின்றன, புல் வெட்டி, பூச்செடி வைத்து, பெரும்பாலானவற்றில் பெயர் பொறித்திருக்கிறார்கள். அவை அநேகமாக எல்லாம் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகளுடையவை. அந்தப் பாதையில் வேலை செய்த கைதிகள் சுமார் 60,000 பேர், இறந்தவர்கள் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளிகள் இரண்டு லட்சத்துக்கும் அதிகம், இறந்தவர்கள் 90,000 வரை இருக்கும் என்று கணிக்கிறார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கு மேல் போனார்கள், அதில் பெரும்பகுதி நம் தோட்டத்துத் தமிழர்கள். நல்ல சம்பளம், கொஞ்ச மாத வேலை என்று ஆசை காட்டியும், வளைத்துப் பிடித்தும் கூட்ஸ் வண்டியில் அடைத்து தாய்லாந்தின் பான் போங் என்ற ஊர் வரை கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கிருந்து காட்டுக்குள் நடை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். மொத்தமாகக் குழியில் போட்டார்கள், எரித்தார்கள். பெயர் எழுதி வைக்க யாருமில்லை.

கல்லறைத் தோட்டத்தில் வரிசை வரிசையாக வெள்ளைக்காரப் பெயர்களைப் பார்த்துவிட்டு, நம்மவர்கள் எங்கே என்று கேட்டு மனம் உடைந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

நம் ஆட்களுக்கு அடையாளமே இல்லை என்று நினைக்க வேண்டாம். நகரத்தில் வாட் தாவோன் வராராம் என்ற வியட்நாமியப் புத்தக் கோயில் இருக்கிறது. ஆசியத் தொழிலாளிகளின் எலும்புகளை எடுத்து அங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள். அதே வளாகத்தில் 2024-இல் தமிழர்களுக்கென்றே ஒரு நடுகல் நட்டார்கள். அம்மாவை முதலில் அங்கே அழைத்துப்போங்கள். பூ, பத்தி எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கும். சூடம் ஏற்ற வேண்டும் என்றால் அங்கிருக்கும் பிக்குவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பாலத்துக்கு அருகில் ஜப்பானியர்களே 1944-இல் கட்டிய நினைவுத்தூண் ஒன்றும் இருக்கிறது. அதில் பல மொழிகளில் எழுதியிருக்கிறார்கள், தமிழும் ஒன்று. சுற்றுலாப் பேருந்தில் வருகிறவர்கள் அநேகமாக அதைக் கவனிப்பதே இல்லை.

ஹெல்ஃபயர் பாஸ் ('நரகத் தீக் கணவாய்') என்ற இடத்தைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். நகரத்திலிருந்து சுமார் 80 கிலோமீட்டர், 323-ஆம் நெடுஞ்சாலை மேலேயே இருக்கிறது. உளியும் சுத்தியலும் கொண்டு மலையைப் பிளந்த இடம். இரவிலும் தீப்பந்த வெளிச்சத்தில் வேலை வாங்கினார்கள், அதனால் அந்தப் பெயர். ஆஸ்திரேலிய அரசாங்கம் அங்கே ஒரு காட்சியகம் நடத்துகிறது, நுழைவு இலவசம். பிளவுக்குள் இறங்கப் படிகள் நிறைய உண்டு. அம்மாவால் முடியாவிட்டால் மேலே காட்சியகத்தில் இருந்தபடியே பள்ளத்தாக்கைப் பார்க்கலாம், நீங்களும் தம்பியும் இறங்கிவிட்டு வாருங்கள். தொப்பி, தண்ணீர் மறக்க வேண்டாம். காலையிலேயே போய்விடுங்கள், மதியம் பாறை கொதிக்கும்.

தோட்டத்து மகள், சுங்கை சிப்புட்

டீச்சர், நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பெயர் இல்லாவிட்டால் பரவாயில்லை, நடுகல் முன்னால் நின்று பெயரை நானே சொல்லிவிட்டு வருகிறேன் என்றார்.

ஒரு சந்தேகம். நாம் தோக்கில் ரயில் முடிந்துவிடுகிறதே, அதற்கு அப்பால் பாதை இல்லையா? தம்பி எல்லை வரைக்கும், முடிந்தால் பர்மாப் பக்கமும் போக வேண்டும் என்கிறான்.

தண்டவாளப் பயணி, தைப்பிங்

மொத்தப் பாதை 415 கிலோமீட்டர், பர்மாவில் தன்பியூசாயாட் வரைக்கும். இரண்டு பக்கத்திலிருந்தும் போட்டுக்கொண்டு வந்து 1943 அக்டோபர் 17-இல் சேர்த்தார்கள். போருக்குப் பிறகு எல்லைப் பக்கத் தண்டவாளத்தைப் பிரித்தெடுத்துவிட்டார்கள், நாம் தோக் வரைக்கும்தான் 1958-இல் மறுபடி ரயில் விட்டார்கள். அதற்கு மேல் கொஞ்சப் பாதை வஜிராலோங்கோர்ன் அணைத் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது.

ஆனாலும் மேலே போகலாம், போக வேண்டும் என்றே சொல்வேன். காஞ்சனபுரியிலிருந்து எல்லைப் பக்கத்துச் சங்க்லாபுரிக்கு பஸ், வேன் இருக்கிறது. மலைப்பாதை, வளைவு அதிகம், அம்மாவுக்கு வாந்தி வருமென்றால் மாத்திரை போட்டுக்கொண்டு முன் இருக்கையில் உட்கார வையுங்கள். மோன் மக்கள் வாழும் சின்ன ஊர். தாய்லாந்திலேயே நீளமான மரப்பாலம் அங்கேதான், 2013 வெள்ளத்தில் பாதி அடித்துக்கொண்டு போய் மறுபடி கட்டினார்கள். தங்குமிடம் காஞ்சனபுரியைவிட மலிவு. அங்கிருந்து, பர்மா எல்லையில் இருக்கும் மூன்று ஸ்தூபிக் கணவாய் கிட்டத்தான். சாலையில் சோதனைச் சாவடிகள் உண்டு, பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருங்கள்.

அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பர்மாவில் 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு சண்டை ஓயவில்லை. யாராவது அரை நாள் அந்தப் பக்கம் காட்டுகிறேன் என்று கூப்பிட்டால் போகவே கூடாது. தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

குறைந்த செலவுக்காரி, பீடோர்

செலவைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். நம் வங்கி ஆப்பிலேயே தாய்லாந்துக் கடைகளின் கியூஆரை ஸ்கேன் செய்து கட்டலாம், 2021 முதல் இரண்டு நாடும் அதை இணைத்திருக்கிறார்கள். ஆனால் ரயில், வேன், கோயில், சின்னச் சாப்பாட்டுக் கடை எல்லாவற்றுக்கும் பாட் கையில் வேண்டும். பாடாங் பெசாரிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

காஞ்சனபுரியில் ஆற்றோரத்து விருந்தினர் இல்லங்களில் மூன்று பேர் ஒரே அறையில் தங்கலாம். மிதவை வீட்டு அறை மலிவாக இருக்கும், ஆனால் பலகையில் நடந்து போக வேண்டும், இரவில் பாட்டுச் சத்தம் வரும். அம்மாவுக்குத் தரையில் கட்டிய அறையே சரி. அம்மா சைவமா? 'கின் ஜே' என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். முட்டைகூடப் போடமாட்டார்கள், வெங்காயம் பூண்டும் இருக்காது. சும்மா காய்கறி என்று சொன்னால் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள்.

எல்லைக்காரன், பாடாங் பெசார்

தேதியையும் யோசித்துக்கொள் தங்கச்சி. காஞ்சனபுரிக்கு டிசம்பர் நல்ல பருவம், மழை இல்லை, காலையில் குளிர். ஆனால் வழியில் ஹாட்யாய்ப் பக்கம் நவம்பர், டிசம்பரில்தான் கனமழை. வெள்ளம் வந்தால் தண்டவாளம் மூழ்கி ரயில் நிற்கும். நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை பாலத்தில் விழா நடக்கும், அறை விலை ஏறிவிடும். மாதக் கடைசியில் புத்தாண்டுக்குத் தாய்லாந்துக்காரர்களே ஊருக்குப் போவதால் ரயில் நிரம்பிவிடும். மாதத்தின் நடுப்பகுதிதான் உனக்குத் தோது. கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் வானிலையைப் பார்த்துக்கொண்டே இரு, தம்பியின் விடுமுறையில் ஒரு நாளாவது மிச்சம் வைத்துத் திரும்பும் டிக்கெட்டை எடு.

தோட்டத்து மகள், சுங்கை சிப்புட்

சரி அண்ணே. டிசம்பர் நடுப்பகுதி, முந்தின இடிஎஸ், நக்கோன் பாத்தோம் வரைக்கும் கீழ்ப்படுக்கை ஒன்று, மேல்ப்படுக்கை இரண்டு. கார்டில் வெளிநாட்டு அனுமதியைத் திறந்ததும் பணம் போய்விட்டது, டிக்கெட்டும் வந்துவிட்டது. திரும்பும் டிக்கெட்டை ஒரு நாள் தள்ளியே எடுக்கிறேன். சங்க்லாபுரிக்குப் போவதை அங்கே போய் அம்மாவின் உடம்பைப் பார்த்து முடிவு செய்துகொள்கிறோம்.