டபுள் லிஃப்ட்: திருப்பும்போது சீட்டுகள் விலகுகின்றன, உதவி தேவை

நூலகத்தில் எடுத்த சீட்டு வித்தைப் புத்தகத்தை வைத்துச் சில வாரங்களாக டபுள் லிஃப்ட் (கட்டின் மேலுள்ள இரண்டு சீட்டுகளை ஒரே சீட்டுபோலத் திருப்பிக் காட்டுவது) பழகுகிறேன். இரண்டு சீட்டையும் ஒன்றாகத் திருப்பிக் கட்டின் மேல் வைத்ததும், அடியில் இருப்பதன் வெள்ளை ஓரம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் எட்டிப் பார்க்கிறது.

புத்தகத்தில் கோட்டுப்படங்கள் மட்டும்தான். சுண்டுவிரலில் பிரேக் (மேல் இரண்டு சீட்டுகளுக்கு அடியில் விரல் நுனியால் வைக்கும் சிறு இடைவெளி) பிடிப்பது ஒரு படம்; சீட்டு முகம் தெரியக் கிடப்பது அடுத்த படம். நடுவே விரல்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. சிக்கலே அங்கேதான்.

கட்டு: 63 × 88 மி.மீ., பூச்சுள்ள காகிதச் சீட்டு, புதியது. பிரேக் சுத்தமாக விழுகிறது. வலது கட்டைவிரல் அடியிலும் ஆள்காட்டி, நடுவிரல் மேலேயுமாக வலது ஓரத்தைப் பிடித்து, புத்தகப் பக்கம் போல இடப்பக்கம் திருப்புகிறேன்.

செய்து பார்த்தவை: பிளாஸ்டிக் கட்டில் இன்னும் மோசமாக வழுக்குகிறது. பழைய கட்டில் சீட்டுகள் ஒட்டிக்கொள்வதால் விலகல் குறைவு, ஆனால் பிரேக் எடுப்பது கடினம். இரு குறுகிய ஓரங்களையும் பிடித்துத் திருப்பினால் விலகவே இல்லை; ஆனால் ஒற்றைச் சீட்டை யாரும் அப்படித் திருப்புவதில்லை, பார்த்ததுமே சந்தேகம் வரும். ஸ்லோ மோஷனில் படம் பிடித்துப் பார்த்ததில், சீட்டுகள் செங்குத்தாக வருவதற்குச் சற்று முன் வளைகின்றன, அந்த நொடியில்தான் விலகல் தொடங்குகிறது. வளையும்போது உள்சீட்டும் வெளிச்சீட்டும் ஒரே அளவு நகராததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

திருப்பும்போது இடது கட்டைவிரல் சீட்டுகள் செங்குத்தாகும்வரை இடது ஓரத்தை அழுத்தியிருக்க வேண்டுமா, தொடக்கத்திலேயே விலகிவிட வேண்டுமா?