அப்பாவின் நகைவேலைப் பெட்டியை ஆருக்குக் குடுக்கிறது?

கொழும்பு13:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா கொழும்பு செட்டியார் தெருவில நகைவேலை செய்தவர். கடைக்குப் பின்னால ஒடுங்கின படியேறிப் போனா, மேல்தட்டில ஒரு சின்னப் பட்டறை. போன வருசம் தவறிட்டார். ஆட்டைத்திவசம் முடிஞ்ச கையோட அண்ணா கனடாவில இருந்து கோல் எடுத்து, "அந்தப் பெட்டியை இன்னும் ஏன் கட்டிலுக்குக் கீழ வச்சிருக்கிறாய், ஆருக்கேன் குடு" எண்டார். ஆருக்கு? அதுதான் என்ர கேள்வி.

உள்ளுக்க இருக்கிறது: குறடுகள், சாமணம், அரங்கள், ஊதுகுழல், கம்பி இழுக்கிற ஓட்டைத் தகடு, பொன் உருக்கிற மூசை ரெண்டு, உரைகல், ஹோர்லிக்ஸ் போத்திலில வெண்காரம், ஒரு டப்பா குன்றிமணி. குன்றிமணியால நிறுத்தது தாத்தா காலம். அப்பா இலத்திரன் தராசுதான் பாவிச்சவர், ஆனா டப்பாவை எறியேல்லை.

எனக்கு இந்தத் தொழில் தெரியாது. பழக்கேல்லை. "பொம்பிளைப் பிள்ளைக்கு இது வராது" எண்டு அப்பாவே சொல்லுவார். அதில எனக்கு இப்பவும் கோபம் இருக்கு, செத்த மனிசன் எண்டதுக்காக அதை ஒளிக்க மாட்டன். அண்ணாவைப் பிடிச்சு இருத்திப் பழக்கப் பாத்தார், அண்ணா ஓடிட்டார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்தில சும்மா இருந்து பாத்ததுதான்.

ஆனா பாருங்கோ, நான் வேலை செய்யிறது பாமசியில. குளிசை எண்ணுற தட்டில நிக்கிற தூளை ஒவ்வொரு தரமும் பிரஷால தட்டி, கடதாசியில ஒண்டாக்கித்தான் கொட்டுவன். கூட நிக்கிற பிள்ளையள் சிரிக்கும். பட்டறையில அப்பா குப்பையை வெளியில போகவே விடமாட்டார். அரத்தூள், கரி, சாரத்தை உதறின தூசு, கை கழுவின தண்ணியின்ர அடியில படியிற மண்டி, எல்லாம் ஒரு பிஸ்கட் தகரத்துக்க சேரும். வருசத்துக்கு ஒருக்கா ஆக்கள் வந்து வாங்கிக்கொண்டு போய்ச் சுத்திகரிப்பினம். அந்தக் காசுதான் எங்கட தீபாவளி உடுப்பு. பிறகு எப்பிடி நான் தூளைத் தட்டிவிடுறது?

உங்கட வீடுகளில அப்பாமாரின்ர தொழில் சாமானை என்ன செய்தீங்கள்?

பட்டறைத்தம்பி:
அக்கா, நானும் அதே தெருதான். முதல் விசயம், பழைய இரும்புக்கு நிறுத்துக் குடுத்திடாதேங்கோ. மூசை ரெண்டையும் வெளிச்சத்தில சரிச்சுப் பாருங்கோ, உள்ளுக்குப் பொட்டுப் பொட்டாப் பொன் ஒட்டியிருக்கும். இடிச்சுக் கழுவினா வரும். பெட்டியின்ர அடிப்பலகை இடுக்கிலயும் தூள் நிக்கும்.

இப்ப எல்லாம் காஸ் டோர்ச்சும் அச்சு வார்ப்பும்தான். சங்கிலி முக்காவாசி மெசினில வருது. ஊதுகுழல் ஊதத் தெரிஞ்சவை குறைஞ்சு போச்சினம். எங்கட அப்பா எனக்குப் பழக்கினது எப்பிடித் தெரியுமா? ஒரு கிளாஸ் தண்ணியில குழாயை விட்டு, குமிழி நிக்காமல் ஊதச் சொல்லுவார். கன்னத்தில காத்தை அடக்கி வச்சுக்கொண்டு மூக்கால மூச்செடுக்கோணும். குமிழி நிண்டா மண்டையில குட்டு. நெருப்பு அணைஞ்சு எரிஞ்சா பத்துற பொடி ஒழுங்கா உருகாது, பத்தின இடம் விட்டுப்போகும், அதுக்குத்தான் அந்தப் பாடு. இப்ப நானும் டோர்ச்தான், ஆனா கோபம் வந்தா மூச்சு அப்பிடித்தான் போகுது. மனிசி "ஊதத் தொடங்கிட்டார்" எண்டு சொல்லிக்கொண்டு குசினிக்குப் போயிடுவா.

கம்பித் தகடு ஓட்டை தேயாமல் இருந்தா நான் எடுக்கிறன். உரைகல்லுக்கும் ஒரு விலை சொல்லுங்கோ.

மாளிகாவத்தைப் பொடியன்:
எங்கட வாப்பா டெய்லர். மௌத்தான பொறகு அவர்ட மெசின, கூட இருந்து வேல பழகின பொடியனுக்கே குடுத்தன். நான் வெச்சிருந்து என்ன செய்ய, எனக்கு பட்டன் தைக்கவும் வராது. அடுத்த மாசம் போய்ப் பாத்தா காலால மிதிக்கிறத கழட்டிப்போட்டு மோட்டர் பூட்டியிருக்கான். மனசுக்கு ஒரு மாதிரித்தான் இருந்திச்சு. ஆனா மெசின் ஓடுது, பள்ளிக்கூட யூனிபோர்ம் குவிஞ்சு கிடக்கு. குடுத்தா குடுத்ததுதான், பொறகு போய்ப் பாக்காதீங்க அக்கா.

கத்தரிக்கோல் மட்டும் நான் எடுத்துக்கிட்டன். உம்மா அதால கடதாசி வெட்டினாக்கூட வாப்பா பேசுவார், முனை மழுங்கிடும்னு. இப்ப எண்ட மகள் வெட்டப் போனா அதே பேச்சு எண்ட வாயில வருது.

வெள்ளவத்தை ரீச்சர்:
பிள்ளை, ஆடி அமாவாசைக்குப் படைக்கக் காத்தோட்டிக்காய் தேடி மார்க்கெட்டுக்குப் போய் வந்த கையோட இதை வாசிக்கிறன். என்ர ஐயா இருக்கிற காலத்தில அந்தக் கைப்பைத் தொடவே மாட்டார். இப்ப வருசா வருசம் அதைத்தான் அவருக்குப் படைக்கிறம்.

உங்கட அப்பா பொன்னுருக்குக்குப் போறவரோ? என்ர மகன்ர கலியாணத்துக்கு எங்கட பிளட்டுக்கு ஒரு வயசான பத்தர் வந்தவர். நல்லநேரத்துக்குத் தாலிப் பொன்னை உருக்கோணும், ஆனா வீட்டுக்க புகை வரக்கூடாது எண்டு மனேஜ்மன்ட் சொல்லிப்போட்டுது. பல்கனியில சிரட்டைக்கரி போட்டு, காத்துக்கு ஒரு பொம்பிளை பாயைப் பிடிக்க, அவர் குந்தியிருந்து ஊதி உருக்கினார். உருகின பொன்னைத் தட்டத்தில வச்சு எல்லாருக்கும் காட்டேக்க, டோர்ச் கொண்டு வந்திருக்கலாமே எண்டு ஆரோ கேட்டினம். அவர் காது கேக்காத மாதிரி இருந்திட்டார். அந்தச் சாமான்களை ஒரு தொழில்காரனிட்டயே குடுங்கோ. அலுமாரியில வச்சுப் பாக்கிறதுக்கு அவை சாமி படமில்லை.

கொழும்பு13:
ரீச்சர், அப்பாவும் பொன்னுருக்குக்குப் போறவர்தான். அந்தப் பத்தர் அவரா இருந்தாலும் இருக்கும், காது கேக்காத மாதிரி இருக்கிறது அவருக்குக் கைவந்த கலை.

மூசை பற்றிச் சொன்னதும் ஒரு கதை ஞாபகம் வருது. 1983 ஆடிக் கலவரத்தில பட்டறை எரிஞ்சது. அப்ப நாங்கள் வெள்ளவத்தையில வாடகைக்கு இருந்தனாங்கள். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில அம்மாவின்ர மடியில படுத்திருந்தது மட்டும் எனக்கு மங்கலா நினைவு. மிச்சம் அம்மா சொன்னது. நிலைமை அடங்கினதும் அப்பா போய்ச் சாம்பலைச் சாக்கில அள்ளிக்கொண்டு வந்து, பைப்படியில பேசின் வச்சுக் கழுவினாராம். பொன் உருகும், எரிஞ்சு இல்லாமல் போகாது எண்டது அவரின்ர கணக்கு. சனம் வேலைக்குக் குடுத்த நகை எல்லோ அதுக்குள்ள. கிடைச்சது கொஞ்சம்தான். கணக்குக் கொப்பியும் எரிஞ்சிட்டுது. ஆருக்கு எத்தினை பவுண், என்ன மாற்று எண்டு மனசில இருந்ததைத் திரும்ப எழுதினார்.

அதைக் குடுத்து முடிக்க வருசக்கணக்காப் போச்சு. ஜேர்மனிக்குப் போயிட்ட ஒரு குடும்பத்துக்கு, அவையள் கேக்கவே இல்லை, அட்டியல் ஒண்டு செய்து அனுப்பினார். அம்மாவுக்குச் சரியான கோபம். பிள்ளையளின்ர ரியூசன் காசு நிக்குது, இவர் கேக்காத கடனைக் குடுக்கிறார் எண்டு. அம்மா சொன்னதிலயும் ஞாயம் இருக்கு. எந்தப் பக்கம் நிக்கிறதெண்டு எனக்கு இப்பவும் தெரியேல்லை. ஆனா மூலைக்கடையில இருபது ரூபா பாக்கி நிண்டாலும் எனக்கு நித்திரை வராது.

பட்டறைத்தம்பி, தகடும் அரமும் குறடும் வந்து எடுங்கோ. ஞாயமான விலை சொல்லுங்கோ, அப்பாவும் சும்மா குடுக்கிற ஆளில்லை. உரைகல் தரமாட்டன். ஊதுகுழலும் என்னட்டத்தான் நிக்கும். கிளாஸில தண்ணி எடுத்து ஒருக்கா ஊதிப் பாக்கப் போறன், பொம்பிளைக்கு வருதோ எண்டு பாப்பம். மூசை இடிச்சுக் கழுவ நம்பிக்கையான ஆள் ஆரும் தெரிஞ்சா சொல்லுங்கோ. வாறதில பாதி அண்ணாவுக்கு அனுப்போணும்.