சின்ன டவுன்லோட் கடைகளில் நல்ல இசையை எப்படித் தோண்டி எடுக்கிறீர்கள்?

ஓரக்காது

வணக்கம் மக்களே. ஸ்ட்ரீமிங் சந்தாவை நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. பெரிய கொள்கை எல்லாம் இல்லை, தினமும் தூங்கப்போகும்போது கேட்கிற ஆல்பம் ஒருநாள் பட்டியலில் சாம்பல் நிறமாகக் கிடந்தது, உரிமம் முடிந்துவிட்டதாம், அந்தக் கடுப்பில் எடுத்த முடிவு. இனி மாதம் இரண்டு ஆல்பமாவது காசு கொடுத்து ஃபைலாக வாங்கி என் டிஸ்கில் வைத்துக்கொள்வது, அதுவும் முடிந்தவரை யாருக்கும் தெரியாத ஆட்களிடம் வாங்குவது என்று இறங்கினேன்.

இறங்கிய பிறகுதான் தெரிகிறது, காசு கொடுப்பது சுலபம், எதற்குக் கொடுப்பது என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. இசைக்காரர்களே ஏற்றி விற்கிற பேண்ட்கேம்ப் தளம் தெரியும், ஆனால் அங்கே முதல் பக்கத்தில் கண்ணில் படுவது ஏற்கெனவே நன்றாக விற்றுக்கொண்டிருப்பவை. ஜமெண்டோ மாதிரி இசைத் தளத்துக்குப் போய் 'ஆம்பியன்ட்' (மெல்லப் பரவுகிற சூழலிசை) என்று தட்டினால் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, அதில் பெரும்பாலானவை யாரோ எதற்கோ பின்னணியில் ஓடவிட வேண்டிய பியானோ. போன ஞாயிறு முழுக்க உட்கார்ந்து எழுபது எண்பது டிராக் திறந்து, ஒவ்வொன்றிலும் இருபது நொடி கேட்டு மூடினேன். வாங்கியது ஒன்றுகூட இல்லை. சாயங்காலத்துக்குள் எது நல்லது எது சுமார் என்று சொல்லும் காதே மரத்துப்போய்விட்டது.

எனக்குப் பிடித்தது குரல் இல்லாத இசை. செல்லோ, கிளாரினெட், கொஞ்சம் எலக்ட்ரானிக். பதிவு செய்த அறையும் சேர்ந்து கேட்க வேண்டும், நாற்காலி கிரீச்சிட்டால் இன்னும் சந்தோஷம். ஒலித்தரம் குறையாமல் சுருக்குகிற ஃப்ளாக் ஃபைலாகக் கிடைத்தால் நல்லது. நீங்கள் எல்லாம் எப்படித் தேடுகிறீர்கள்?


பழையடேப்

முதலில் தேடல் பெட்டியில் டேக் போட்டுத் தேடுவதை நிறுத்துங்கள் நண்பரே. டேக் என்பது இசைக்காரர் தானே ஒட்டிக்கொள்கிற சீட்டு, தேடலில் தெரிய வேண்டும் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஒட்டுவார்கள். 'செல்லோ' என்று ஒட்டியிருக்கும், உள்ளே கீபோர்டில் செல்லோ பட்டனை அழுத்தி வாசித்திருப்பார்கள்.

நான் எப்போதும் ஏற்கெனவே மனதில் ஒட்டிப்போன ஒரு ஆல்பத்திலிருந்துதான் கிளம்புவேன். அதன் பக்கத்தில் அடியில் பொடி எழுத்தில் யார் வாசித்தது, யார் பதிவு செய்தது, யார் மாஸ்டரிங் (வெளியிடுவதற்கு முன் ஒலியைச் சீராக்கும் கடைசி வேலை) செய்தது என்று இருக்கும். எல்லாரும் வாசித்தவர் பெயரைத்தான் பிடித்துக்கொண்டு போவார்கள், நான் பதிவு செய்தவர் பெயரை எடுப்பேன். நீங்கள் கேட்கிற அந்த 'அறை' இருக்கிறதே, அது அவருடைய கைவேலை. மைக்கை எங்கே வைப்பது, எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு பிடிவாதம் இருக்கும், அது ஆல்பத்துக்கு ஆல்பம் கூடவே வரும். டிஸ்காக்ஸ் என்கிற இசைப்பதிவு விவரத் தளத்தில் அந்தப் பெயரைச் சொடுக்கினால் அவர் கைபட்ட பதிவுகள் வரிசையாக வரும். அதில் பாதி ஆல்பம் நீங்கள் கேள்விப்படாத லேபிள்களில் (இசை வெளியிடும் நிறுவனங்களில்) இருக்கும், அப்புறம் அந்த லேபிள் எந்தக் கடையில் விற்கிறது என்று பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். எனக்குப் பிடித்த வயலின் ஆல்பம் ஒன்றில் 'பதிவு: மாடிப்படிக் கூடம்' என்று ஒரு வரி இருந்தது, பக்கத்திலேயே ஒரு பெயர். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனதில் மொத்தமே பதினோரு வெளியீடு கொண்ட ஒரு லேபிள் அகப்பட்டது, அதில் ஏழாவது ஒரு பேஸ் கிளாரினெட் தனி ஆல்பம். அட்டைப்படம் பார்த்தால் யாரும் தொடமாட்டார்கள், ஏதோ கட்டட வரைபடம். மூச்சு இழுக்கிற சத்தமும் கிளாரினெட்டின் விசைகள் விழுகிற சத்தமும் தாளம் மாதிரி அதில் ஓடும். இன்றைக்கும் மாதம் ஒரு முறையாவது கேட்கிறேன்.

இன்னொரு வழி, வாங்கியவர்கள். பேண்ட்கேம்ப் பக்கத்தில் அந்த ஆல்பத்தை வாங்கியவர்களின் படங்கள் குட்டிக் குட்டியாக இருக்கும், ஒன்றைச் சொடுக்கினால் அவர் வாங்கியது எல்லாம் தெரியும். உங்களிடம் இருப்பதில் ஐந்தாறு அவரிடமும் இருந்தால் மீதியை நம்பிக் கேட்கலாம். 900 ஆல்பம் வைத்திருப்பவரை விட 40 வைத்திருப்பவர் மேல், அவர் யோசித்து வாங்கியிருப்பார்.


நுனிவிரல்

பழையடேப் சொல்வது சரிதான், ஆனால் அப்படியே போனால் ஒரே வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருப்பீர்கள் சார். அதே அறை, அதே மைக், அதே பத்து பேர், ஒருவர் ஆல்பத்தில் இன்னொருவர்.

நான் புதிதாக ஏற்றியவை வரிசையைத்தான் பார்ப்பேன், வாரம் ஒரு முறை, அரை மணி நேரம், அதற்கு மேல் கிடையாது. அப்புறம் முதல் டிராக்கின் முதல் இருபது நொடியைக் கேட்கவே மாட்டேன். அந்த இருபது நொடியை எல்லாரும் பளபளவென்று துடைத்து வைத்திருப்பார்கள். மூன்றாவது டிராக்கின் நடுவில் கொண்டுபோய் வைத்துக் கேளுங்கள், அங்கே என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறாரா, எதையோ தேடிக்கொண்டிருக்கிறாரா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். எண்பது டிராக்கை இருபது நொடி வீதம் கேட்டால் காது மரக்காமல் என்ன செய்யும்? எட்டு டிராக்கை மூன்று நிமிடம் கேளுங்கள்.

இப்போது இன்னொரு தொல்லை, ஏஐ மெஷின் துப்பிய இசை. ஒரே பெயரில் ஒரு மாதத்தில் பதினைந்து ஆல்பம், எந்தக் கருவியை யார் வாசித்தார் என்று ஒரு வரிகூட இல்லை, எல்லா டிராக்கும் மூன்று நிமிடத்தை ஒட்டியே நீளம் என்றால் அப்படியே கடந்துவிடுங்கள்.


முக்கால்தாளம்

கடைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆள் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிற கடையும் யார் வேண்டுமானாலும் ஏற்றலாம் என்கிற கடையும் ஒன்றல்ல, தேடும் முறையும் ஒன்றாக இருக்க முடியாது.

ப்ளீப் 2004-இல் வார்ப் என்கிற எலக்ட்ரானிக் இசை லேபிள் ஆரம்பித்த கடை. பெரிய கம்பெனிகள் எல்லாம் நகலெடுக்க முடியாதபடி ஃபைலுக்குப் பூட்டுப் போட்டு விற்ற காலத்திலேயே பூட்டில்லாத எம்பி3 விற்றார்கள். உங்கள் 'கொஞ்சம் எலக்ட்ரானிக்' அங்கே தாராளமாகக் கிடைக்கும், பல லேபிள்கள் உண்டு. பூம்கேட் மான்செஸ்டரில் இருக்கிறது, ஆல்பங்களுக்குக் கடைக்காரர்களே குறிப்பு எழுதுவார்கள். விற்கிறவர் எழுத்துதான், புகழ்ச்சியைக் கழித்துவிட்டுப் படிக்க வேண்டும், ஆனால் 'இது இன்னாரின் பழைய ஆல்பத்தை ஒட்டி வருகிறது' என்கிற ஒப்பீடுகள் நல்ல வழிகாட்டி. நான் பல முறை அந்தப் பழைய ஆல்பத்தைத்தான் போய் வாங்கியிருக்கிறேன்.

செல்லோ பிடிக்கும் என்றால் மேக்னட்யூனை ஒரு முறை பாருங்கள். ஜான் பக்மன் 2003-இல் தொடங்கியது, பாதிப் பணம் கலைஞருக்கு, வாங்குவதற்கு முன் முழு ஆல்பத்தையும் கேட்கலாம் என்று அப்போதே வைத்தவர்கள். பழைய மேற்கத்திய சாஸ்திரிய இசை அங்கே நிறைய. காசில்லாமல் காதைப் பழக்க வேண்டும் என்றால் இன்டர்நெட் ஆர்கைவில் நெட்லேபிள்கள் (இணையத்தில் இசை வெளியிடும் லேபிள்கள்) என்று ஒரு பிரிவு இருக்கிறது, ஆயிரக்கணக்கில் கிடக்கிறது, குப்பையும் மாணிக்கமும் ஒரே கூடையில்.

ஏமி ஸ்ட்ரீட் என்று ஒன்று இருந்தது, இங்கே யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? பாட்டு இலவசத்தில் தொடங்கும், ஆள் வாங்க வாங்க விலை ஏறும், 98 சென்ட்டில் நிற்கும். விலையைப் பார்த்தாலே எது பேசப்படுகிறது என்று தெரியும், விலை ஏறுவதற்கு முன் நல்லதைக் கண்டுபிடிப்பது ஒரு விளையாட்டு மாதிரி. 2010-இல் அமேசான் வாங்கி மூடிவிட்டது. அதற்குப் பிறகு தேடுவதையே சுவாரசியமாக்கிய கடை எதையும் நான் பார்க்கவில்லை.


ஹிஸ்

வாங்கிய பிறகு செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சூடு பட்டவன். ஒரு சின்னக் கடையில் 30 ஆல்பம்போல் வாங்கியிருந்தேன், 'கணக்கில்தான் இருக்கிறதே, எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்' என்று பாதியை இறக்கவே இல்லை. மூடப்போகிறோம் என்று மெயில் அனுப்பினார்களாம், அது ஸ்பாமில் போய் உட்கார்ந்துவிட்டது. பதினான்கு ஆல்பம் போச்சு. பெரிய இடம் என்றும் நம்ப வேண்டாம், மைஸ்பேஸ் சர்வர் மாற்றும்போது 2015 வரை ஏற்றிய பாட்டுகளைத் தொலைத்துவிட்டதாக 2019-இல் செய்தி வந்தது. வாங்கிய அன்றே ஜிப்பை இறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள்.

சுருக்காத ஃபைலான வேவ் வேண்டாம். 45 நிமிட ஆல்பம் சிடி தரத்தில் 450 எம்பிக்கு மேல் போகும், ஃபைலில் எழுதுகிற பெயர், ஆல்பம் விவரமும் ஒழுங்காக நிற்காது. ஃப்ளாக் பெரும்பாலும் அதில் பாதி, முக்கால் அளவுக்குள் அடங்கும், ஒலி அப்படியே திரும்பி வரும். ஃபைலுக்குள்ளேயே மூல ஒலியின் எம்டி5 கையொப்பம் (ஒரு சரிபார்ப்பு எண்) இருக்கும் என்பதால் பத்து வருடம் கழித்தும் கெட்டுவிட்டதா என்று சோதித்துப் பார்க்கலாம்.

ஆனால் பெயரில் ஃப்ளாக் என்று இருந்தால் மட்டும் போதாது. எம்பி3-ஐ எடுத்து ஃப்ளாக்காக மாற்றி ஏற்றியவர்கள் உண்டு, பாதிப் பேர் தெரியாமலே செய்வார்கள். ஸ்பெக் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, ஃபைலை அதில் போட்டால் எந்த அதிர்வெண் வரைக்கும் ஒலி இருக்கிறது என்று காட்டும் படம் வரும். சிடி தரத்து ஃபைலில் 22 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் இடம் இருக்கும். 128 கேபிபிஎஸ்ஸில் அதிகம் சுருக்கிச் செய்த எம்பி3 என்றால் 16 கிலோஹெர்ட்ஸை ஒட்டிக் கத்தியால் வெட்டினாற்போல் நேர்கோடு, அதற்கு மேல் கறுப்பு. ஒன்று மட்டும் கவனம், செல்லோ மாதிரி இசையில் அந்த உயரத்தில் இயல்பாகவே அதிகம் இருக்காது, அது படிப்படியாக மங்கி மறையும். மங்கலைப் பார்த்துப் பழி போட வேண்டாம், நேர்கோடு இருந்தால்தான் சந்தேகம்.


கொல்லைப்புறஸ்டுடியோ

வாங்குகிறவர்கள் பேசுகிறீர்கள், விற்கிறவன் ஒருத்தன் குறுக்கே வருகிறேன். ஆறு வருடமாக எலக்ட்ரானிக்கும் கொஞ்சம் நரம்பு வாத்தியமும் சேர்த்துச் செய்கிறேன், மூன்று இடத்தில் ஏற்றி வைத்திருக்கிறேன்.

பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுக்கும், விற்பனை கூடினால் 10, பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. மீதி எனக்கு. 2020 மார்ச்சில் இருந்து சில வெள்ளிக்கிழமைகளில் தன் பங்கையும் விட்டுக்கொடுக்கிறார்கள், அதனால் என் ஆல்பத்தை வாங்க நினைத்தால் அந்த வெள்ளி வரைக்கும் காத்திருந்தாலும் எனக்கு வருத்தம் இல்லை. (மறந்துவிடுவீர்கள் என்றால் இப்போதே வாங்கிவிடுங்கள்.) ஆனால் அந்தக் கடையும் 2022-இல் எபிக் கேம்ஸ் என்கிற விளையாட்டுக் கம்பெனி கைக்குப் போனது, 2023-இல் சாங்ட்ரேடர் என்கிற இசை உரிமக் கம்பெனி கைக்கு மாறியது, மாறும்போது ஊழியர்களில் பாதிப் பேருக்கு வேலை போனது. அதைப் பார்த்த பிறகுதான் என் மாதிரி ஆட்கள் மிர்லோ என்கிற இன்னொரு இசை விற்பனைத் தளத்தில் ஒரு கால் வைத்தோம், சிலர் ஃபேர்கேம்பை வைத்துத் தங்கள் தளத்திலேயே கடை போட்டார்கள். ஃபேர்கேம்ப் கடையே இல்லை, ஃபோல்டரில் இருக்கும் ஆல்பங்களை ஒரு இணையதளமாகக் கட்டித் தரும் கருவி. அப்படிப்பட்ட தளங்களைத் தேடல் பெட்டியில் கண்டுபிடிக்க முடியாது. ஒருவர் பக்கத்திலிருந்து இன்னொருவர் பக்கத்துக்கு இருக்கிற லிங்க் வழியாகத்தான் போக வேண்டும், எனவே இசைக்காரர்கள் தங்கள் நண்பர்களைப் பற்றி எழுதுகிற இடங்களை விடாமல் படியுங்கள்.

சின்ன இடத்தில் எனக்கு வருடத்துக்கு நாலைந்து விற்றால் பெரிது. ஆனால் அந்த நாலு பேரும் மெயில் எழுதுவார்கள். 'இதே மாதிரி வேறு யார் செய்கிறார்கள்' என்று ஒருவர் கேட்டார், ஒன்பது பெயர் எழுதி அனுப்பினேன், அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை. தயங்காமல் கேளுங்கள். எங்களிடம் இதைக் கேட்க ஆளே இல்லை.


ஓரக்காது

எல்லாருக்கும் நன்றி, இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

பழையடேப் சொன்ன மாதிரி பதிவு செய்தவர் பெயரைப் பிடித்துக்கொண்டு போனேன். முதல் இரண்டு பெயரில் ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாவதில் ஒரு செல்லோ ஆல்பம், ஆறே டிராக், வாங்கியவர்கள் மொத்தம் எட்டுப் பேர். நுனிவிரல் சொன்னபடி மூன்றாவது டிராக்கின் நடுவில் வைத்தேன், அங்கே ஒரே ஸ்வரத்தை வில்லை அழுத்தியும் தளர்த்தியும் நாலு நிமிடம் இழுத்துக்கொண்டிருக்கிறார். உடனே வாங்கிவிட்டேன். நாற்காலிச் சத்தமும் இருக்கிறது!

அப்புறம் ஹிஸ் பேச்சைக் கேட்டு ஸ்பெக்கில் போட்டால், ஐந்து டிராக் ஒழுங்கு, ஐந்தாவது மட்டும் 16-இல் நேர்கோடு. சண்டை போடவா விடவா என்று இரண்டு நாள் யோசித்து, படத்தையும் வைத்து அந்த வாசித்தவருக்கே மெயில் அனுப்பினேன். மறுநாளே பதில். நண்பருக்கு முன்னோட்டம் காட்ட எடுத்த ஃபைலைத் தவறுதலாக ஏற்றிவிட்டாராம், இத்தனை நாளில் எட்டுப் பேரில் ஒருவரும் சொல்லவில்லையாம். சரியான ஃபைலை அனுப்பி, கடையிலும் மாற்றிவிட்டு, கூடவே 'உங்களுக்குப் பிடிக்கலாம்' என்று நாலு பெயர் எழுதியிருக்கிறார். அதில் இரண்டு பேருக்கு எந்தக் கடையிலும் பக்கம் இல்லை, சொந்தத் தளம்தான்.


ஹிஸ்

அந்த நாலு பெயரையும் இங்கே போடுங்கள்.