ஜூனியர் டீம் டென்னிஸ்: மகன் இன்டர்மீடியட்டா, அட்வான்ஸ்டா?

பிளேனோ_அம்மா

வணக்கம். நாங்கள் டெக்சஸில் பிளேனோவில் இருக்கிறோம். மகனுக்கு 13 வயது. ராக்கெட் பிடித்து நான்கு வருடம் ஆகிறது. இந்த சீசனில்தான் முதல்முறையாக யூ.எஸ்.டி.ஏ. (அமெரிக்க டென்னிஸ் சங்கம்) நடத்தும் ஜூனியர் டீம் டென்னிஸில் சேர்ந்திருக்கிறான். 14 வயதுக்குட்பட்டோர், இன்டர்மீடியட் பிரிவு. வீட்டில் எனக்கும் தெரியாது, அவன் அப்பாவுக்கும் இந்த விளையாட்டு தெரியாது. டீம் மேனேஜர் எந்தப் பிரிவு என்று சொன்னாரோ அதிலேயே பதிவு செய்தோம்.

இதுவரை மூன்று சிங்கிள்ஸ் ஆடிவிட்டான். 6-0, 6-1, 6-0. மூன்றாவது ஆட்டம் இருபது நிமிடம்கூட நீடிக்கவில்லை. எதிரே ஆடிய பையன் நெட்டுக்கு வந்து கை கொடுக்கும்போது கண் கலங்கியிருந்தான். அவனுடைய அம்மா என்னிடம் வந்து, கோபமே இல்லாமல், "உங்கள் மகன் அட்வான்ஸ்டில் ஆட வேண்டியவன் இல்லையா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. காரில் வரும்போது மகன் சொன்னான்: "அம்மா, இன்னைக்கு நான் ஒரு தடவைகூட ஓடவே இல்ல."

அன்று இரவே மேனேஜரைக் கூப்பிட்டுக் கேட்டேன். சாம்பியன்ஷிப் முடியும்வரை அவனை எந்த டோர்னமென்டிலும் சேர்க்க வேண்டாம் என்றார். சேர்த்தால் அவனுடைய ஆட்டத் திறனைக் காட்டும் டபிள்யூ.டி.என். எண் மாறிவிடும், அப்புறம் இந்தப் பிரிவில் வைத்திருக்க முடியாது என்கிறார். அவர் நல்ல மனிதர்தான், பிள்ளைகளுக்காக வாரம் முழுக்க அலைகிறார். ஆனாலும் விளையாடத் துடிக்கிற பிள்ளையிடம் போய் இரண்டு மாதம் போட்டி எதிலும் ஆடாதே என்று எப்படிச் சொல்வது?

ஒரு பிள்ளையின் லெவலை உண்மையில் யார் முடிவு செய்கிறார்கள்? அந்த எண் எப்படி மாறுகிறது? டோர்னமென்டில் ஆடினால் டீமுக்கு நிஜமாகவே சிக்கல் வருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


ஃப்ரீமான்ட்_மேனேஜர்

பிளேனோ அம்மா, நான் நான்கு சீசன் டீம் மேனேஜராக இருந்தவள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த "லெவல்" என்ற சொல். புதிதாக வரும் பெற்றோர் எல்லோருமே இதில்தான் குழம்புகிறார்கள். டோர்னமென்டுகளுக்கு 7 முதல் 1 வரை லெவல் உண்டு. 7 என்றால் உள்ளூர்ப் போட்டி, 1 என்றால் தேசிய அளவு. அது போட்டியின் தரத்தைச் சொல்வது, பிள்ளையின் தரத்தை அல்ல. டீம் டென்னிஸில் லெவல் என்றால் பிகினர், இன்டர்மீடியட், அட்வான்ஸ்டு. உங்கள் கேள்விக்கு இது மட்டும் போதும்.

முன்பு இதை என்.டி.ஆர்.பி. என்ற ரேட்டிங் கணக்கில் 2.5, 3.0, 3.5 என்று சொல்வோம். பெரியவர்கள் லீக்கில் இன்றும் அதுதான் வழக்கம். 2022-இல் யூ.எஸ்.டி.ஏ. வேர்ல்ட் டென்னிஸ் நம்பரைக் கொண்டுவந்தது. அதைத்தான் உங்கள் மேனேஜர் டபிள்யூ.டி.என். என்கிறார். அளவு தலைகீழாக இருக்கும்: புதிதாகத் தொடங்குபவர் 40, உலகின் உச்சத்தில் ஆடுபவர் 1. எண் குறையக் குறைய ஆட்டம் பலம். ஆண், பெண், சிறியவர், பெரியவர் எல்லோருக்கும் ஒரே அளவுகோல். சிங்கிள்ஸுக்கு ஒன்று, டபுள்ஸுக்கு ஒன்று என இரண்டு எண்கள். வாரம் ஒருமுறை, புதன்கிழமை, புதுப்பிப்பார்கள். யூ.எஸ்.டி.ஏ. தளத்தில் மகனின் ப்ரொஃபைலைத் திறந்தால் தெரியும். எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், அது எவ்வளவு நம்பகமானது என்றும் பக்கத்திலேயே காட்டுவார்கள். ஆடிய ஆட்டங்கள் குறைவாக இருந்தால் அந்த நம்பகமும் குறைவாகவே இருக்கும்.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், உங்கள் பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது. டபிள்யூ.டி.என். செட்டைத்தான் (பொதுவாக ஆறு கேம் ஜெயித்தால் ஒரு செட்) எண்ணும், கேமை எண்ணாது. 6-0 ஜெயித்தாலும் 6-4 ஜெயித்தாலும் அதற்கு ஒன்றுதான். எதிராளியின் எண்ணையும் சேர்த்துப் பார்க்கும். பலம் குறைந்தவரிடம் ஜெயிப்பது எதிர்பார்த்ததே என்பதால் எண் பெரிதாக நகராது. ஆக, உங்கள் மகன் இன்டர்மீடியட்டில் பத்து பேரை 6-0 என்று வென்றாலும், அவன் எவ்வளவு நன்றாக ஆடுகிறான் என்பது அந்த எண்ணுக்குத் தெரியவே தெரியாது. தனக்குச் சமமானவர்களோடும் தன்னைவிடப் பலமானவர்களோடும் மோதினால்தான் தெரியும். டோர்னமென்ட் வேண்டாம் என்று மேனேஜர் சொல்வது இதற்காகத்தான்.

டீம் கணக்கோ நேர்மாறு. டீம் டென்னிஸில் மொத்த கேம்களைக் கூட்டித்தான் வெற்றியை முடிவு செய்வார்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆண் சிங்கிள்ஸ் 6-0. பெண் சிங்கிள்ஸ் 3-6. ஆண் டபுள்ஸ் 4-6. பெண் டபுள்ஸ் 6-4. மிக்ஸட் 4-6. கூட்டிப் பாருங்கள், 23-22. ஐந்தில் மூன்று ஆட்டத்தில் தோற்றும் டீம் ஜெயித்துவிட்டது! அந்த ஒரு 6-0 தான் காரணம். கீழ் லெவலில் ஒரு பலமான பிள்ளை இருந்தால் டீமுக்கு என்ன லாபம் என்று இப்போது புரியும். டீம் ஸ்கோரில் அந்த ஆறு கேமும் ஏறிவிடும், பிள்ளையின் எண்ணிலோ அதன் சுவடே தெரியாது. மேனேஜர்களுக்கு ஆசை வருவது இந்த இடைவெளியில்தான். எனக்கும் வந்தது.

என் மகளுக்கு அப்போது 12 வயது. ஒரு வருடம் முன்பே அட்வான்ஸ்டுக்குப் போயிருக்க வேண்டியவள். டீம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, இன்னொரு சீசன் இருக்கட்டும் என்று நான்தான் நிறுத்திவைத்தேன். அந்த சீசன் முழுக்க அவள் செகண்ட் சர்வ் என்ற பெயரில் பந்தைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். தட்டிவிட்டாலே பாயின்ட் வந்தது, யாரும் அதை அடித்து நொறுக்கவில்லை. பேக்ஹேண்டில் உயரமாக எழும் பந்து அவளுக்கு வரவே இல்லை. அடுத்த வருடம் அட்வான்ஸ்டில் முதல் நான்கு ஆட்டமும் தோற்றாள், அதுவும் 1-6, 0-6 என்று. அவளுடைய செகண்ட் சர்வைக் கண்டதும் எதிரே நின்ற பெண்கள் இரண்டடி முன்னால் வந்து நின்றார்கள். நான்காவது ஆட்டத்துக்குப் பிறகு பையைக் கராஜில் வைத்தவள் மூன்று வாரம் தொடவில்லை. அந்தப் பையைத் தினமும் காரை எடுக்கும்போது பார்ப்பேன். அவள் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய ஒரு வருடத்தை நான் எடுத்துக்கொண்டேன். இன்றும் அது எனக்கு வலிக்கிறது.

உங்கள் மகன் "ஓடவே இல்ல" என்று சொன்னான் பாருங்கள், அதற்கு மேல் எனக்கு வேறு ரேட்டிங் வேண்டாம்.


டாலஸ்_அப்பா

மன்னிக்கவும், எனக்கு இதில் வேறு கருத்து. எங்கள் பகுதியில் எல்லா டீமும் இதைத்தான் செய்கிறது. நாம் மட்டும் பிள்ளைகளை மேலே தள்ளினால் அட்வான்ஸ்டில் அடிவாங்குவார்கள், இன்டர்மீடியட் டீமும் தோற்கும். 14, 18 வயதுப் பிரிவுகளில் தேசிய சாம்பியன்ஷிப் வரைக்கும் போக வழி இருக்கிறது. டீமோடு பயணம் போவது, ஓட்டலில் ஒன்றாகத் தங்குவது, எல்லாம் அந்த வயதில் பெரிய அனுபவம். அந்த லெவலுக்கு வைத்த எண் வரம்புக்குள் இருந்தால் அது விதிப்படி சரிதானே? என் மகன் அப்படி ஒரு பயணம் போய்வந்தான். இன்றுவரை அதைப் பற்றிப் பேசுகிறான்.


ஃப்ரீமான்ட்_மேனேஜர்

டாலஸ் அப்பா, நீங்கள் சொல்லும் பயண அனுபவத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். என் மகளும் டீமில் கிடைத்த தோழிகளால்தான் மறுபடி கோர்ட்டுக்கு வந்தாள். எண் வரம்புக்குள் இருக்கும் பிள்ளை ஆடுவதில் தவறே இல்லை. ஆனால் வரம்பைத் தாண்டிவிடக் கூடாது என்பதற்காகவே ஒரு பிள்ளையை ஆடவிடாமல் தடுப்பது வேறு விஷயம். அங்கே விதியின் எழுத்து மட்டும்தான் மிஞ்சுகிறது. இன்னொன்றும் இருக்கிறது. இன்டர்மீடியட்டில் ஆண் சிங்கிள்ஸுக்கு உண்மையிலேயே பொருந்துகிற ஒரு பையன் உங்கள் டீமிலேயே பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். அவன் 4-6 என்று தோற்றாலும் அந்த ஒரு மணி நேரத்தில் நிறையக் கற்றுக்கொள்வான்.


அட்லாண்டா_தம்பி

விதிகளைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் சேர்க்கிறேன். எங்கள் ஊரில் லீக் வேலைகளில் உதவுகிறேன்.

யூ.எஸ்.டி.ஏ.வுக்கு நாடு முழுக்க 17 மண்டலங்கள் உண்டு. உங்களுடையது டெக்சஸ், எங்களுடையது சதர்ன். லெவல் வரம்பு, டீம் பட்டியலில் பெயர் சேர்க்கக் கடைசி நாள், சாம்பியன்ஷிப்புக்குப் போக உள்ளூர் சீசனில் குறைந்தது எத்தனை ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்பதெல்லாம் மண்டலத்துக்கு மண்டலம் மாறும். அதனால் வேறு மாநிலத்து நண்பர் சொல்லும் எண்ணை நம்பாதீர்கள். உங்கள் லீக் கோஆர்டினேட்டருக்கு மின்னஞ்சல் அனுப்பி மூன்றே மூன்று கேளுங்கள்: 14 இன்டர்மீடியட்டுக்கு என்ன வரம்பு, எந்தத் தேதியில் உள்ள எண்ணை எடுத்துக்கொள்கிறீர்கள், சீசன் நடுவில் எண் மாறினால் என்ன ஆகும். மூன்றாவது கேள்விதான் முக்கியம். பதிலை எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

வயது பற்றியும் ஒரு வார்த்தை அக்கா. டோர்னமென்டில் பிறந்த மாதத்தை வைத்து வயதுப் பிரிவு மாறும். டீம் டென்னிஸில் சீசனுக்கென்று ஒரு கட்-ஆஃப் தேதி இருக்கும். இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறவர்கள் அதிகம். வயது குறைந்த பிள்ளை மேல் வயதுப் பிரிவில் ஆடலாம், வயது தாண்டிய பிள்ளை கீழே ஆட முடியாது.

பெரியவர்கள் லீக்கில் தானாக ரேட்டிங் போட்டுக்கொண்டு கீழே வந்து ஆடுபவரைக் கணினி கவனிக்கும். மூன்று முறை எல்லை தாண்டினால் சீசன் நடுவிலேயே தகுதி போய்விடும். பிள்ளைகள் விஷயத்தில் பொறுப்பு பெரும்பாலும் பெற்றோர் கையிலும் கோச் கையிலும்தான்.


எடிசன்_அம்மா

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு 8 வயது. பெரியவர்கள் ஆடும் சாதாரண மஞ்சள் பந்துக்கு இப்போதே மாற்றினால் சீக்கிரம் முன்னேறுவாள் என்று ஒரு கோச் சொல்கிறார். சரியா?


ஃப்ரீமான்ட்_மேனேஜர்

அவசரப்படாதீர்கள். சிறு பிள்ளைகள் பழகும் பந்துகளில் சிவப்புப் பந்து மஞ்சளைவிட 75 சதவீதம் மெதுவாக வரும், ஆரஞ்சு 50 சதவீதம், பச்சை 25 சதவீதம். சிவப்புக்கு 36 அடி கோர்ட், ஆரஞ்சுக்கு 60 அடி, பச்சையிலிருந்து முழு 78 அடி. பந்து இடுப்பு உயரத்தில் வந்தால்தான் பிள்ளை ஸ்விங்கை ஒழுங்காகக் கற்க முடியும். 8 வயதுப் பிள்ளைக்கு மஞ்சள் பந்து தலைக்கு மேல் எகிறும், கையைத் திருப்பிப் பிடித்துத் தப்பிக்கப் பார்ப்பாள். அந்தப் பிடி பிறகு போகாது. 2012-லிருந்து 10 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் சாதாரண மஞ்சள் பந்தைப் பயன்படுத்தக் கூடாது என்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பே விதி வைத்திருக்கிறது.


பிளேனோ_அம்மா

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் கழித்து வந்து எழுதுகிறேன்.

அட்லாண்டா தம்பி சொன்ன மூன்று கேள்விகளையும் அப்படியே கோஆர்டினேட்டருக்கு அனுப்பினேன். இரண்டே நாளில் பதில் வந்தது. எங்கள் லீக்கில் பட்டியல் மூடும் நாளில் உள்ள எண்ணைத்தான் பார்க்கிறார்கள். இந்த சீசனுக்கு அந்த நாள் முடிந்துவிட்டது. அதாவது டோர்னமென்டில் ஆடினாலும் டீமுக்கு ஒன்றும் ஆகாது! மேனேஜருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. அந்த மின்னஞ்சலைக் காட்டியபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

இருந்தாலும் ஃப்ரீமான்ட் அக்கா எழுதிய அந்த 23-22 கணக்கை மகனிடம் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "அப்போ நான் டபுள்ஸ் ஆடட்டுமா? சிங்கிள்ஸ் அவன் ஆடட்டும்" என்றான். பெஞ்சில் உட்காரும் நண்பனைத்தான் சொல்கிறான். மேனேஜர் சம்மதித்தார். மீதி ஆட்டங்களில் மகன் டபுள்ஸும் மிக்ஸடும் மட்டும் ஆடுவான். அடுத்த சீசனுக்கு அட்வான்ஸ்டு டீமில் இடம் கேட்டிருக்கிறோம்.

நேற்று ஒரு லெவல் 7 டோர்னமென்டில் ஆடினான். முதல் ஆட்டம் ஜெயித்து, இரண்டாவதில் 6-4, 3-6, கடைசியில் பத்துப் பாயின்ட் டைபிரேக்கில் 8-10 என்று தோற்றான். சட்டை முழுக்க நனைந்திருந்தது. காரில் ஏறியதும் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிட்டு, அந்தப் பையனின் சர்வை எப்படித் திருப்பியிருக்கலாம் என்று வீடு வரும்வரை பேசிக்கொண்டே வந்தான்.